ஃபிலிம் இல்லாத கேமரா

காலை பத்து மணிக்கும் எங்கள் ஸ்டூடியோவின் ஏழாம் நம்பர் ஃப்ளோருக்குள் ராத்திரிதான். வெளியே கலிஃபோர்னியா வெயில் மண்டையைப் பிளக்கும். கனத்த கதவை இழுத்துச் சாத்திவிட்டால், விளக்கு போடும் வரை உள்ளே சொந்தக் கைகூடத் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை முக்காலியையும் ஸ்கிரிப்டையும் தூக்கிக்கொண்டு, வசனம் சரிபார்ப்பவளான நான் உள்ளே நுழைந்தபோது, விளக்குகள் எரியும் முன்பே வாசனை வந்தது.

புதினா மிட்டாய்.

நின்றுவிட்டேன். இந்த ஸ்டூடியோவில் புதினா மிட்டாயைச் சப்பிக்கொண்டே நடமாடியவர் ஒருவர்தான். அவர் குழியில் போட்ட மண் இன்னும் காயவில்லை.

ஆர்வில் டிப்பெட். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தால், "அட, இந்த ஆளா!" என்பீர்கள். ஓட்டல் குமாஸ்தா, ரயிலில் டிக்கெட் பரிசோதகர், தட்டைக் கீழே போடும் பட்லர் எல்லாம் அவர்தான். யாராவது அவரை ஏமாற்றியது மெல்ல மெல்ல அவருக்கு உறைக்கும். புருவம் ஏறும். வாய் திறக்கும். ஒரு விரல் காலரைத் தளர்த்தும். அவ்வளவுதான், தியேட்டர் கூரை பிய்த்துக்கொண்டு போகும்.

ஆனால் அந்த முகத்துக்கு ஒரு க்ளோசப்? வாழ்நாளில் ஒருவரும் வைக்கவில்லை. கதாநாயகனின் தோளுக்குப் பின்னால், ஓரத்தில், பாதி இருட்டில் நின்றே கிழவராகிவிட்டார்.

அந்தக் கதாநாயகன் டெஸ்மண்ட் ஹேல். வேலை தேடி வந்த டெஸ்மண்டைத் தன் அறையிலேயே தங்கவைத்து, சோறு போட்டு, இயக்குநர் கஸ் பிராண்டிடம் கூட்டிக்கொண்டு போனவர் ஆர்வில்.

நாங்கள் அப்போது எடுத்துக்கொண்டிருந்த படத்தின் கடைசிக் காட்சியில் ஆர்விலுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. வீட்டை இழந்த எஜமானன் டெஸ்மண்டைப் பட்லர் ஆர்வில் வழியனுப்புகிறார். சிரிப்பே இல்லை. கஸ் ஒரு க்ளோசப் தருவதாகச் சொல்லிவிட்டார். ஆர்வில் புதுச் சட்டை தைத்தார்.

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஒருவருக்கு க்ளோசப் எடுக்கும்போது, கூட நடிப்பவர் கேமரா பக்கத்தில் நின்று தன் வசனத்தைச் சொல்லிக்கொடுப்பார். டெஸ்மண்டின் க்ளோசப்புகளுக்கெல்லாம் ஆர்வில் அப்படி நின்றிருக்கிறார். அதற்குத்தான் அந்த மிட்டாய். சரசரவென்று உறையைப் பிரித்து வாயில் போட்டுக்கொள்வார். "எதிர்ல நிக்கறவன் மூக்குக்கும் ஒரு மரியாதை வேணுமில்லம்மா, வெர்னா?" என்பார் என்னிடம்.

"உன் க்ளோசப்புக்கு நான் நிக்காம வேற எவன்டா நிப்பான்?" என்று டெஸ்மண்ட் அவர் தோளைத் தட்டியதை நானே பார்த்தேன்.

ஆர்விலின் க்ளோசப் எடுத்த அன்றைக்கு டெஸ்மண்ட் கஸ்ஸின் காதில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, தலைவலி என்று கிளம்பிப் போனார். அவர் வசனத்தை நான் படித்தேன். "என்னை மறந்துடுவியா?" என்றபோது என் குரல் உடைந்துவிட்டது.

ஆர்வில் என்னையே பார்த்தார். "ஐயா முதல்ல போங்க. விளக்கை நான் அணைச்சுக்கறேன்."

மேலே விளக்குக்காரர்கள் மூக்கைச் சிந்தினார்கள். கட் சொன்னதும் ஆர்வில் என் உள்ளங்கையில் ஒரு மிட்டாயை வைத்தார். "நல்லா இருந்துதா?"

"ஆர்வி, ஊரே அழப்போகுது."

வெள்ளோட்டக் காட்சியில் ஊர் அழவில்லை. டெஸ்மண்டின் முகம் வந்தது, மறுபடி டெஸ்மண்டின் முகம். ஆர்விலின் முதுகு மட்டும் வந்தது, அதற்கும் சிரித்தார்கள்.

படம் முடிந்து வெளிக்கூடத்தில் கூட்டம். புதுச் சட்டையில் ஆர்வில் தயங்கித் தயங்கி வந்தார். "டெஸ், என் க்ளோசப்பைக் காணோமே?"

டெஸ்மண்ட் கையில் கிளாஸ். சுற்றிலும் பெரிய மனிதர்கள். "எந்த க்ளோசப்? கேமராவுல ஃபிலிமே இல்லடா! கிழவன் மனசு நோகக் கூடாதுன்னு சும்மா ஓட விட்டோம். உன் மூஞ்சிக்கு எவன்டா அழுவான்?"

எனக்கும் அப்போதுதான் தெரியும்.

ஆர்விலின் புருவம் ஏறியது. வாய் திறந்தது. ஒரு விரல் காலரைத் தளர்த்தியது.

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை வாடகை அறையின் கதவை வீட்டுக்காரம்மா திறந்தபோது, ஆர்வில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது.

இதெல்லாம் நடந்த பிறகுதான் அந்தத் திங்கட்கிழமை. டெஸ்மண்டின் க்ளோசப், ஃபிலிம் கழுவும் லேபில் கீறல் விழுந்துவிட்டது. திரும்ப எடுக்கவேண்டும்.

"இந்தாம்மா வெர்னா, கிழவன் டயலாக்கை நீயே படிச்சுடு," என்றார் கஸ். "சட்டுபுட்டுனு முடிப்போம்."

கேமரா ஓடியது. டெஸ்மண்ட் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்னை மறந்துடுவியா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"ஐயா முதல்ல போங்க."

என் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. மெல்ல. புதினா வாசனையோடு.

டெஸ்மண்டின் பார்வை என்னை விட்டு நகர்ந்தது. மேலே. பின்னால்.

அவர் புருவம் ஏறியது.

வாய் திறந்தது.

ஒரு விரல், தானாக, காலருக்குப் போனது.

கொல்லென்று சிரித்தது செட். "டேய் டெஸ், அழற சீன்டா இது! செத்தவன் வித்தையை எதுக்குடா காட்டற?" என்று கஸ்ஸும் சிரித்தார்.

"அவன்... அங்கே..." டெஸ்மண்ட் என் தோளுக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதே புருவம், அதே விரல். கடைசியில் கஸ் பொறுமையிழந்து, "எது தேறுதோ தேறட்டும்" என்று கேமராவை மூடினார்.

அடுத்த நாள் மத்தியானம், ஸ்டூடியோவின் சின்னத் திரையரங்கில் கஸ், டெஸ்மண்ட், நான். விளக்கு அணைந்தது. திரையில் வெளிச்சம் விழுந்தது.

ஆர்வில்.

திரை நிறைய ஆர்வில். ஒவ்வொரு சுருக்கமும், கண்ணோரத்து ஈரமும் தெரிந்தன. நாங்கள் யாரும் அந்த முகத்தை அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை என்று எனக்குப் பட்டது. "என்னை மறந்துடுவியா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

என் குரல். அன்றைக்கு உடைந்த அதே இடத்தில் உடைந்தது.

"நிறுத்து!" டெஸ்மண்ட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "யார் விளையாடறது? நிறுத்துடா!"

பின்னால் கதவு திறந்தது. படம் ஓட்டுபவர் மூச்சு வாங்க நின்றார். இரண்டு கையிலும் சீல் உடைக்காத டப்பா.

"மன்னிச்சுடுங்க சார். லேபுலேர்ந்து டப்பா இப்பத்தான் வந்துது. ஆரம்பிக்கலாங்களா?"

நாங்கள் மூவரும் திரையைப் பார்த்தோம்.

திரையில் ஆர்விலின் கண்கள் அசைந்தன. என் குரல் வந்த பக்கத்தை விட்டு, மெதுவாக, டெஸ்மண்ட் நின்ற இடத்துக்கு வந்து நின்றன.

"நீ நிக்கலியே, டெஸ்."

அந்த வசனம் ஸ்கிரிப்டில் இல்லை.

"சரி, பரவால்ல. விளக்கை நான் அணைச்சுக்கறேன்."

இருட்டு.

யாரோ ஓடிப்போய் விளக்கைப் போட்டபோது, டெஸ்மண்டின் புருவம் ஏறியிருந்தது. வாய் திறந்திருந்தது. விரல் காலரில் மாட்டியிருந்தது.

டப்பாவில் இருந்த ஃபிலிம் முழுக்கக் கறுப்பு.

அதன் பிறகு டெஸ்மண்ட் காதல் சொன்னால் சிரித்தார்கள். செத்து விழுந்தால் சிரித்தார்கள். எந்த நிமிஷமும் அந்த முகம் வந்துவிடும். கதாநாயக வேஷங்கள் நின்றன. ஓட்டல் குமாஸ்தா, ரயிலில் டிக்கெட் பரிசோதகர், தட்டைக் கீழே போடும் பட்லர். வேறொருவன் தோளுக்குப் பின்னால், ஓரத்தில், பாதி இருட்டில்.

போன மாதம் புதிதாக வந்த ஓர் இயக்குநர் இரக்கப்பட்டு அவருக்கு ஒரு க்ளோசப் வைத்தார். கேமரா பக்கத்தில் முக்காலியைப் போட்டு நான் உட்கார்ந்தேன்.

டெஸ்மண்ட் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்தார்.

"ஆர்வி," என்று கிசுகிசுத்தார், "இன்னிக்கு ஃபிலிம் இருக்கா?"

"இருக்கு சார், நானே பார்த்தேன்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

என் காதோரம், சரசரவென்று, ஒரு மிட்டாய் உறை பிரிந்தது.