நாலு குழல் ஹாரன்

ஹாரனைச் சோதித்துப் பார்த்தபோது தெருவே திரும்பிப் பார்த்தது, ஒருவரைத் தவிர.

காரின் முன்பக்கம் பொருத்திய நான்கு குழல்களும் ரயில் போல ஒன்றாக அலறியதில், மின்கம்பியில் இருந்த காக்கைகள் சிதறிப் பறந்தன. அவள் கையிலிருந்த தேநீர் தளும்பிப் புறங்கையைச் சுட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடிவந்தார்.

“ஏன் தம்பி, தண்டவாளம் எப்ப போடப்போறீங்க? முன்னாடியே சொன்னா வீட்டைக் கொஞ்சம் நகர்த்தி வெச்சுக்குவேன்.”

அவள் கணவன் வாய்விட்டுச் சிரித்தான். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. அதை ரசிக்க விடாமல் அவள் கண் தெருமுனைக்கே போனது. அங்கே தூறலில், முதுகைக் காட்டியபடி சாம்பல் நிறச் சட்டைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். அவர் தோள்கூட அசையவில்லை.

“பாதிக் காத்துக்கே இப்படி,” என்றார் மெக்கானிக், டிக்கியில் வைத்த காற்று டேங்கின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, கசிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே. “டேங்க் முழுசா ஏறட்டும் அண்ணி. செத்தவன்கூட எழுந்து வழி விடுவான்.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். கணவனின் சிரிப்பு அணைந்துபோயிருந்தது.

நான்கு மாதத்துக்கு முன், இதே போன்ற மழையில், சாலையோரம் முன்னால் நடந்துபோன ஒருவரைப் பார்த்து அவன் ஹாரன் அடித்தான். விலகிவிடுவார் என்று நம்பி, பிரேக்கைத் தொடாமல் மறுபடியும் அடித்தான். அவர் விலகவில்லை. வழக்கு முடிந்துவிட்டது. அவனுக்குத்தான் முடியவில்லை. படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரே பேச்சு: “அந்தப் பழைய ஹாரன் சரியில்லம்மா. அவர் காதுல விழுந்திருந்தா ஒதுங்கியிருப்பார்.”

விழுந்திருக்காது. பிணவறை வாசலில் இறந்தவரின் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்: “பொறந்ததுலேருந்தே அவனுக்குக் காது கேக்காதும்மா.” பிரேக் பிடித்திருந்தால் மட்டுமே அவர் பிழைத்திருப்பார் என்பதை இவனிடம் எந்த வாயால் சொல்வது? ஹாரன்மேல் பழியைப் போட்டாவது தூங்கட்டும் என்று அவள் அதை விழுங்கிவிட்டாள். அவன் தூங்கவில்லை. ஹாரன் வாங்கினான்.

“வா, உங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரலாம்,” என்றான் அன்று மாலை. “மாப்பிள்ளை வர்றது அஞ்சு கிலோமீட்டருக்கு முன்னாலயே அவங்களுக்குத் தெரிஞ்சிடும்.”

புது ரப்பர்க் குழாயின் வாசனையும் ஈர மிதியடியின் வாசனையும் கலந்து காருக்குள் மூச்சு முட்டியது. பின்னால் டேங்கில் காற்றை ஏற்றும் கம்ப்ரஸர் நிற்பதும் மறுபடி உறுமுவதுமாக இருக்க, வைப்பரின் ஒவ்வொரு வீச்சிலும் கலங்கித் தெளிந்த கண்ணாடி வழியே அவள் சாலையோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைத்தெருவில் அவன் ஸ்விட்சை அழுத்தினான். குடைகள் தெறித்தன. யாரோ வைதார்கள். கூட்டம் விலகிய இடத்தில் அதே சாம்பல் சட்டை, அதே முதுகு. ஆனால் இந்த முறை தலை லேசாகச் சாய்ந்திருந்தது. கூர்ந்து கவனிப்பவரைப் போல.

“ஏங்க, போதும். வீட்டுக்குத் திரும்பலாம்.”

“இரும்மா, டேங்க் மீட்டர்ல இன்னும் முள் முழுசா ஏறல.”

மில் சுவர் ஓரம் இரண்டாவது முறை. மறுபடியும் அவர். இப்போது ஒரு பக்கக் காது தெரிந்தது.

இத்தனை தூரம் அவர் எப்படி முந்தி வந்தார் என்று கேட்கக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது. கார் எந்தச் சாலையில் திரும்புகிறது என்பதை அப்போதுதான் கவனித்தாள். நான்கு மாதமாக அவன் தவிர்த்துவந்த சாலை. வளைவு. புளியமரம். அடிமரத்தில், அன்று கார் மோதியதில் விழுந்த, இன்னும் ஆறாத வெட்டு.

அவன் காரை நிறுத்தினான். முள் கடைசிக் கோட்டில் நின்றது.

“இங்க ஒரே ஒரு தடவை அடிச்சிடறேன். என் மனசு ஆறிடும்.”

“வேண்டாங்க. ப்ளீஸ்.”

அழுத்தினான்.

சத்தம் பல்லில் இறங்கியது. எலும்பில். இருக்கையில். மழையே ஒரு கணம் நின்றது போலிருந்தது.

முப்பதடி தள்ளி, சாம்பல் சட்டை.

திரும்பியது.

“கேட்டுச்சா?” என்றான் கணவன் ஆசையாக, வெறும் சாலையைப் பார்த்து. அவன் கண்ணுக்கு அங்கே யாருமில்லை.

அவள் அவன் கையைப் பிடித்தாள். இனி விழுங்க முடியாது. “அவருக்குக் காது கேக்காதுங்க. பொறந்ததுலேருந்தே. எனக்கு அப்பவே தெரியும்.”

“யாருக்கு?”

கேட்டுவிட்டு அவனே புரிந்துகொண்டான். ஸ்விட்சிலிருந்து விரல் நழுவியது.

டொக்.

அவள் பக்கத்துக் கண்ணாடியில்.

பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

கண்ணாடியோடு ஒட்டி நசுங்கிய ஒரு காது. வெளுத்த காது. அதன் துளையிலிருந்து மழைநீர் மெல்ல வழிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, முதல் முறையாகச் சத்தம் கேட்ட குழந்தையின் பூரிப்போடு ஒரு கண்.

பக்கத்தில் ஒரு விரல் உயர்ந்தது.

இன்னும் ஒரு தடவை.