அரியர் லட்டு

ரிசல்ட் வந்த அன்று எங்கள் குடியிருப்பு முழுக்க லட்டு மணத்தது. பக்கத்து வீட்டுப் பொன்னுமணி அக்கா எவர்சில்வர் தட்டோடு வந்து என்னிடம் நீட்டினார்.

"எம் பையன் இனியனுக்கு அரியர் விழுந்திருச்சு, துளசி. எடுத்துக்க கண்ணு."

அம்மா ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அடுத்த வாரம் எனக்குத் தேர்வு.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் இப்போது கோயமுத்தூரில் இதுதான் வழக்கம். எல்லாம் முன்வருமான வரி வந்த பிறகு. படிக்கிற காலத்தில் ஒரு ரூபாய் சம்பாதித்தாலும் நாம் வரி கட்ட வேண்டியவர்கள். கணிப்பி என்கிற இயந்திரம் நம் மதிப்பெண்களைப் பார்த்து, நாளைக்கு நாம் என்ன சம்பாதிப்போம் என்று கணக்குப் போடும். வரி அந்த நாளைய சம்பளத்துக்கு, பிடிப்பதோ இன்றைய கூலியில். மருத்துவம் படிக்கும் நான் சாயங்காலம் பேக்கரியில் பஃப்ஸ் அடுக்குகிறேன். கணிப்பியின் கண்ணுக்கு நான் இதய மருத்துவர். ஒரு பாடத்தில் அரியர் இருந்தால் மட்டும் கணிப்பு நின்றுவிடும், சம்பளம் முழுதாகக் கைக்கு வரும். அப்பா கட்டிலோடு கிடக்கிற எங்கள் வீட்டுக்கு வாடகை அதிலிருந்துதான்.

வேலைக்கே போகாமல் அப்பன் காசில் படிக்கிறவனுக்கு வருமானம் இல்லை, ஆகவே கணிப்பும் இல்லை. அவன் நிம்மதியாகப் பாஸ் பண்ணலாம். இந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவானின் பிள்ளை ஒருநாளும் பஃப்ஸ் அடுக்கியிருக்காது.

எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் ஃபெயிலானால் போதுமான டாக்டர்கள் எங்கிருந்து வருவார்கள்? வரவில்லை. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். செய்முறைத் தேர்வையே புறநோயாளிப் பிரிவாக்கிவிட்டார்கள். மாணவர் ஒருவருக்கு ஒரு நிஜக் குழந்தை. கோளாறு என்று எழுதினால் குழந்தை உடனே ஸ்கேனுக்குப் போகும், ரிசல்ட்டும் அன்றே தெரிந்துவிடும். நன்றாக இருக்கிறது என்று எழுதினால் வீட்டுக்குப் போகும். பதிவான இதய ஒலியை, விடைத்தாள் திருத்தும்போதுதான் ஒரு மூத்த மருத்துவர் கேட்பார். அதற்கு ஒரு மாதம் ஆகும்.

"தப்பா எழுதிட்டு வந்துரு சாமி," என்று அம்மா வழியனுப்பினாள். ஆரோக்கியமான குழந்தையாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். அப்படி வந்தால் கோளாறு என்று எழுதிவிடலாம். ஒரு வீண் ஸ்கேனோடு போய்விடும்.

வந்தவன் பெயர் மகிழன். அம்மாவின் இடுப்பைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றான்.

"ஓடுனா மூச்சு வாங்குதுங்க. வேற ஒண்ணுமில்லீங்க," என்றார் அந்த அம்மா.

ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில், விசில் வருவதற்கு முன் குக்கர் சீறுகிற மாதிரி ஒரு சத்தம். நகர்த்தி வைத்துக் கேட்டேன். அங்கேயும் இருந்தது. இதயத்தில் ஓட்டை. பாடத்தில் படித்தபடியே இருந்தது.

"நல்லாத்தானுங்க இருக்குது? சொல்லீட்டீங்கன்னா ஊர் பஸ்ஸப் புடிச்சிருவேன்."

திரையில் 'கோளாறு', 'நன்றாக இருக்கிறது' என்று இரண்டு கட்டங்கள் காத்திருந்தன. அந்த அம்மாவுக்கும், என் அம்மாவுக்கும், வாடகை கேட்கும் வீட்டுக்காரருக்கும் வேண்டியது அந்த இரண்டாவது கட்டம்தான். மகிழன் என் ஸ்டெதாஸ்கோப் குழாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"பஸ்ஸு போனாப் போகட்டும்க்கா. இவன மேல ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு முதல் கட்டத்தைத் தொட்டேன்.

ஸ்கேன் நான் எழுதியது சரி என்றது. வீட்டுக்கு வருவதற்குள் கைப்பேசியில் செய்தி வந்துவிட்டது. 'வாழ்த்துகள், டாக்டர். உங்கள் இம்மாதச் சம்பளம் முழுவதும் வரியாகப் பிடிக்கப்பட்டது.' அம்மா திட்டவில்லை. படிப்பை விடுவதா, வீட்டை விடுவதா என்று மட்டும் கேட்டாள். நான் படிப்பை என்றேன்.

விஷயம் கேள்விப்பட்டு, எனக்கு முன்பே அதே தேர்வை எழுதியிருந்த இனியன் அண்ணன் வந்தார்.

"கிறுக்காடி உனக்கு? ஒரு கட்டத்த மாத்தித் தொட முடியலயா?"

அலமாரியில் அவர் வீட்டு லட்டு ஒன்று இன்னும் மிச்சமிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று உறைத்தது.

"உங்களுக்கு எந்தக் கொழந்த வந்துச்சுங்ண்ணா?"

"எதுக்குக் கேக்கற?"

"சொல்லுங்ண்ணா."

"பொண்ணு. ரெட்டச் சடை போட்டிருந்துச்சு."

"என்னன்னு எழுதுனீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நல்லாருக்குன்னு."

அது தப்பு என்றுதான் வீடு வீடாக லட்டு கொடுத்திருந்தார்கள்.

"திருத்துனவங்க அந்தப் புள்ளயத் திரும்பக் கூப்பிட்டாங்களா?"

"அவங்க மார்க்குப் போடத்தான் திருத்தறாங்க, துளசி. கூப்பிடறதுக்கு அங்க ஆரு இருக்கா?"

அம்மா அலமாரியிலிருந்து லட்டை எடுத்துக் குப்பையில் போட்டாள். நான் செருப்பை மாட்டினேன்.

"அது எந்த ஊருப் புள்ளைங்ண்ணா?"

தேர்வன்று அவர் அதைக் கேட்டு வைத்திருக்கவில்லை.