எதிரே வந்த முகம்

அன்று காலை இராஜபாளையத்தில் அந்தத் தெருவிலே ஒரு குக்கரும் விசில் அடிக்கவில்லை. வெள்ளத்தாய் வீடு வீடாகப் போய் மிரட்டிவிட்டு வந்திருந்தாள். காக்கைகள்கூட அவளுக்குப் பயந்து செட்டியார்பட்டிப் பக்கம் குடிபோய்விட்டன. காரணம், அவள் தம்பி மகள் யுவராணிக்கு லேப்டாப்பில் இண்டர்வியூ.

கிருஷ்ணன்கோவில் காலேஜில் கடைசி வருஷம் படிக்கிறவள் யுவராணி. நொடித்துப்போகும் கம்பெனிகளுக்கு ஏன் நொடிக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் கன்சல்டிங் வேலை அது. ஒரு மாதமாக வீட்டில் அதே பயிற்சிதான். இட்லி கல்லாக இருந்தால் ஏன், மாவு பொங்கவில்லை என்றால் அது ஏன் என்று அடிவேர் வரை தோண்டினாள். பெற்ற தாயிடம் மட்டும் ஒரு 'ஏன்' கேட்டதில்லை.

பேண்டேஜ் துணிக் கம்பெனியில் லீவு சொல்லியிருந்தும் மாரிச்செல்வி மகள் முன்னால் வரவில்லை. விடியுமுன்னே இட்லியை அவித்து வைத்துவிட்டு, புறவாசலில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பட்டாளத்துக்குப் போன புருஷன் பால்ச்சாமி பெட்டியில் திரும்பி வந்ததிலிருந்து, மகளின் ஒவ்வொரு பரீட்சைக்கும் இப்படித்தான். ஆண்டாள் தேருக்குச் சாத்துகிற மாலையில் பாதியைக் கொண்டையில் சுமந்துகொண்டு, வெள்ளத்தாய்தான் நிறைகுடத்தோடு எதிரே வருவாள்.

"இன்னைக்காவது அம்மா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அத்தை?" என்றாள் யுவராணி. வெள்ளத்தாய் குடத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் வழியே ஆங்கிலம் அடைமழையாய்க் கொட்டியது. நாட்டிலுள்ள நஷ்டத்தையெல்லாம் மகள் அப்போதே தீர்த்துவிட்டாள் என்று மாரிச்செல்வி நம்பினாள். பிறகு ஏதோ ஒரு கேள்விக்கு அந்தக் குரல் தடுமாறியது. திரையில் இருந்த அம்மாள், "பரவால்ல, தமிழ்லயே சொல்லுங்க. நீங்க முன்னுக்கு வர எதிரா நின்னது யாரு?" என்றாள்.

"எங்கம்மா, மேடம். ஒரு பரீட்சைக்குக்கூட என்னை வழியனுப்புனது இல்ல. நான் படிக்கிறது அவங்களுக்குப் பிடிக்கல."

"ஏன்?"

"தெரியல, மேடம்."

"கேட்டீங்களா?"

மாரிச்செல்வி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மகள் புறவாசலில் வந்து நின்றாள்.

"வராத தாயி... என் மூஞ்சில முழிக்காத. உள்ள போ," என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள் தாய்.

"ஏம்மா? அப்பா இல்லாததாலயா? யாரு சொன்னா ஆகாதுன்னு? அத்தையா?"

"யாரும் சொல்லல." மாரிச்செல்வி சுவரிடமே சொன்னாள். "லீவு முடிஞ்சு உங்கப்பா கெளம்பயில நாந்தான் குடத்தோட எதிர வந்தேன். என்னையப் பாத்துச் சிரிச்சுட்டுப் போனாவ... திரும்பல. உன்னையும் நான் எப்படி..."

இரண்டு பேரும் அந்தக் கல்லின் மேலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள். அடுப்படியில் நின்ற வெள்ளத்தாய் ஒரு கண்மாய் நிறையும் அளவுக்கு அழுதாள். உள்ளே லேப்டாப் தன்பாட்டுக்கு அணைந்துபோனது.

அந்த வேலை கிடைக்கவில்லை. பாதியில் எழுந்துபோனவளை அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை.

மறுமாதம் மதுரையில் இன்னொரு கம்பெனியின் இண்டர்வியூ. யுவராணி படியிறங்காமல் நின்றாள். "எங்கம்மா எதிர வந்தாத்தான் நான் போவேன்." வெள்ளத்தாய் தன் இடுப்புக் குடத்தை எடுத்து மாரிச்செல்வியின் இடுப்பில் வைத்தாள்.

தண்ணீர் தளும்ப, தாய் எதிரே வந்தாள். மகள் அந்த முகத்தை நன்றாகப் பார்த்துச் சிரித்தாள். "வந்துருவேம்மா."

அன்று முழுக்க யார் சொல்லியும் மாரிச்செல்வி வாசலை விட்டு அசையவில்லை. பொழுது சாய்ந்து மகள் படியேறிய பிறகுதான் குடத்தை இறக்கிவைத்தாள்.