இரண்டாம் நம்பர் யார்?

பிணத்தின் புருவத்தில் பனி உறைந்திருந்தது!

மருந்துக் கிடங்கின் மூன்றாம் நம்பர் குளிர் அறை. உள்ளே மைனஸ் இருபத்தைந்து டிகிரி. தடுப்பூசிப் பெட்டிகளுக்கு நடுவே, கதவைப் பார்த்தபடி சுருண்டு கிடந்தார் ஸ்டோர் கீப்பர். ஒரு நிமிட வேலைதானே என்று கோட்டுப் போடாமல் நுழைந்த மனிதர்.

உள்பக்கக் கைப்பிடி பனியில் இறுகிவிட்டது, திறக்க முடியவில்லை, விபத்து... என்று எழுதி ஃபைலை மூடியது போலீஸ். அரை மணி நேரத்துக்குள் வெளியே எடுத்திருந்தால் ஆள் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

அது நடந்து பதினோரு மாதம்.

இன்று காலை பத்து மணி. அதே கிடங்கு. மாடியில் கன்ட்ரோல் ரூம்.

போன் அடித்தது.

எடுத்தவன் கம்பி. கிடங்கின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன். ஆள் ஒல்லி, கையில் எந்நேரமும் ஏதாவது ஒரு ஒயர் இருக்கும். அதனால் கிடங்கே வைத்த பெயர். அவன் பெண்டாட்டியைத் தவிர யாரும் அவனை வேறு மாதிரி கூப்பிட்டதில்லை.

மறுமுனையில் மேனேஜர்.

"புது சர்வர் வந்தாச்சுல்ல? அப்புறம் என்ன மசமசன்னு உட்கார்ந்திருக்கே?"

பழைய டேட்டாவைக் காப்பி எடுக்க ஒரு நாள் ஆகும் என்றான் கம்பி.

"எதுக்கு? பழைய குப்பையைத் தலையில கட்டிக்கிட்டு அலையணும்னு உனக்கு வேண்டுதலா? பூஜ்யத்துல இருந்து ஆரம்பி."

"நாலு வருஷ ஹிஸ்டரி சார்..."

"அதை வெச்சு என்ன பரீட்சையா எழுதப் போறே?"

வைத்துவிட்டார்.

கம்பிக்கு அவர் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது!

ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

கிடங்கில் இருக்கும் ஒவ்வொரு ஸ்விட்ச், ஒவ்வொரு தெர்மாமீட்டர், ஒவ்வொரு அபாய மணியையும் நிமிடத்துக்கு ஒரு தரம் 'நல்லா இருக்கியா?' என்று விசாரித்து, வந்த பதிலைத் தேதி நேரத்தோடு எழுதி வைக்கும் கண்காணிப்பு சிஸ்டம் அது. எங்காவது கோளாறு என்றால் கன்ட்ரோல் ரூம் திரையில் சிவப்பு விளக்கு எரியும். அங்கே இருப்பவர் 'அக்னாலெட்ஜ்' என்ற பட்டனை அழுத்த வேண்டும். 'பார்த்துவிட்டேன், நான் கவனித்துக்கொள்கிறேன்' என்று அதற்கு அர்த்தம். அழுத்தியது யார் என்பதையும் சிஸ்டம் எழுதிக்கொள்ளும்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் அந்த நாளில் இப்படி ஒரு வரி இருந்தது.

*பிற்பகல் 2:47. மூன்றாம் அறை. அபாய மணி.*

அதற்குக் கீழே இன்னொரு வரி.

*2:48. அக்னாலெட்ஜ்.*

அழுத்தியவன் கம்பி.

உள்ளே மாட்டிக்கொண்டவர் அழுத்துவதற்காக வைத்த அந்த மணி நாளைக்கு ஏழெட்டுத் தரம் சும்மாவே கத்தும். ஒயரில் ஈரம் ஏறிவிட்டது, மாற்ற வேண்டும் என்று இரண்டு மாதமாக அவனே சொல்லிக்கொண்டிருந்தான். மாற்றவில்லை. அன்றும் கத்தியது. 'இதுக்கு வேற வேலை இல்லை' என்று முணுமுணுத்தபடி பட்டனை அழுத்திவிட்டு, பாதியில் விட்ட டீயைக் குடித்தான். படியிறங்கிப் போய்ப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

மூன்று மணி நேரம் கழித்துப் பிணத்தை எடுத்தார்கள்.

செத்தவர் வேறு யாருமில்லை... கம்பியின் மனைவியின் கூடப் பிறந்த அண்ணன்!

மணி ரிப்பேரில் இருந்தது என்று அப்போது மேனேஜர் சொன்னார், போலீஸும் நம்பியது. கம்பி வாயே திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியும், தினமும் தெரியும், தலை சீவக் கண்ணாடி முன்னால் நின்றாலும் தெரியும்.

மறுபடியும் போன்.

இந்தத் தடவை ஒரு பெண் குரல். இன்ஸ்பெக்டர் பேசுவதாகச் சொன்னார். ஸ்டோர் கீப்பர் சாவு கேஸை மறுபடி விசாரிக்கிறார்களாம். கண்காணிப்பு சிஸ்டத்தின் ஹிஸ்டரி மொத்தமும் வேண்டுமாம். ஒரு வரி குறைந்தாலும் அதுவே தனிக் கேஸ் ஆகுமாம்.

கம்பி கையில் இருந்த ஒயரை மேஜை மேல் வைத்தான்.

"மேடம்... திடீர்னு எதுக்கு இந்தக் கேஸ்...?"

"செத்தவரோட தங்கச்சி மனு குடுத்திருக்காங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றேன்."

*

வேறு வழியில்லை. காப்பி எடுக்க உட்கார்ந்தான்.

பழைய சர்வரின் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டது. செத்துக்கொண்டிருக்கிறது என்று காதாலேயே தெரிந்தது. முந்தாநாளே புது சர்வரில் லாகின்களை உருவாக்கி வைத்திருந்தான். எனவே வெப்பநிலைப் பதிவுகளையும் அலாரம் பதிவுகளையும் மட்டும் ஏற்றினான். மாலை நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது.

அரை மணி நேரத்தில் பழைய டிஸ்க் மூச்சை நிறுத்திக்கொண்டது.

புது சர்வரில் அந்த நாளைத் திறந்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

2:47. அபாய மணி.

2:48. அக்னாலெட்ஜ்.

செய்தவர்... மேனேஜர்!

கம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டான். மறுபடி பார்த்தான். மேனேஜர்தான்.

ஒரு நிமிடம் கழித்துப் புரிந்தது. அலாரம் பதிவில் ஆள் பெயர் இருக்காது; லாகின் நம்பர்தான் இருக்கும், அந்த நம்பர் யாருடையதோ அவர் பெயரைத் திரை காட்டும். பழைய சர்வரில் முதல் நம்பர் மேனேஜருக்கு. எதிலும் முதல் ஆளாக நிற்க வேண்டும் அந்த மனிதருக்கு. கம்பி இரண்டாம் நம்பர். புது சர்வரை நிறுவிய அன்று மேனேஜர் லீவு. கம்பி தன் லாகினை முதலில் போட்டான், அவருடையதை இரண்டாவதாகப் போட்டான். நம்பர் இடம் மாறியதை மறந்தே போனான். பச்சைப் பிள்ளைத்தனமான தப்பு!

அந்தத் தப்பில்... அவன் பாவம் முழுக்க இரண்டாம் நம்பரோடு சேர்ந்து மேனேஜர் தலைக்குப் போய்விட்டது.

சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும்.

பழைய டிஸ்க் செத்துவிட்டது. உலகத்தில் இது தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

கம்பி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

*

மனைவி பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். கூடத்து மேஜையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் சிவப்புப் பேனாவை மூடினாள்.

மனு கொடுத்ததைச் சொன்னாள். அண்ணன் பதினைந்து வருடம் அந்த அறைக்குள் போய் வந்தவர். கைப்பிடி இறுகினால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாதா? அதுதான் அவள் கேள்வி.

"என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லலை?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதாங்க. நீங்களே பாதி ராத்திரி எந்திரிச்சு உட்கார்ந்துக்கிறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? எங்க அண்ணனுக்காக என்னை விட நீங்கதான் அதிகமா உருகுறீங்க."

கம்பி செருப்பைக் கழற்றக் குனிந்தான். நிமிர வெகு நேரம் ஆயிற்று.

"யாராவது ஒருத்தர் எட்டிப் பார்த்திருந்தா போதும்ங்க," என்றாள். "ஒரே ஒருத்தர்."

அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். 'தலை வலிக்குது' என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். கோழை! நான் சொல்லவில்லை, அவனே தன்னை அப்படித்தான் திட்டிக்கொண்டான்.

*

மறுநாள். பதினோரு மணி.

கன்ட்ரோல் ரூமில் நாலு பேர். திரை முன்னால் கம்பி. பக்கத்தில் கைகட்டி நின்ற இன்ஸ்பெக்டர். சுவரோரம் மனு கொடுத்தவள் என்ற முறையில் அவன் மனைவி. நாற்காலியில் கால்மேல் கால் போட்டு மேனேஜர்.

இன்ஸ்பெக்டர் தேதியைச் சொன்னார். கம்பி திறந்தான்.

"மணி அடிச்சிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர் நிதானமாக. "ரிப்பேர்ல இருந்ததா சொன்னீங்களே சார்? அடிச்ச மணியை 2:48க்கு யாரோ இந்த ரூம்ல இருந்து அக்னாலெட்ஜ் பண்ணியிருக்காங்க. பேரு போட்டிருக்கு பாருங்க. நீங்க!"

மேனேஜரின் கால் தானாக இறங்கியது.

"நானா? என்ன மேடம் விளையாடுறீங்களா?"

அன்றைக்கு அவர் வேலைக்கே வரவில்லை, காலையில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு நாள் முழுக்க வீட்டில் படுத்திருந்தார், சாயங்காலம் செய்தி கேட்டுத்தான் ஓடி வந்தார் என்று பழைய வாக்குமூலத்தில் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதை எடுத்து வரிவரியாகப் படித்துக் காட்டினார். மேனேஜர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். கிளி சொல்வது போல 'நான் இல்லை, நான் இல்லை' என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை.

சுவரோரம் நின்றவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"நீங்களா சார்? எங்க அண்ணன் மணியடிச்சுக் கூப்பிட்டும்... நீங்களா போகலை?"

அவள் குரலில் இருந்த வெறுப்பைக் கம்பி கேட்டான். அது தனக்கு வரவேண்டியது. வேறொருத்தர் வாங்கிக்கொண்டிருக்கிறார். இப்படியே பேசாமல் இருந்தால் போதும். அவள் அவனுக்குச் சாப்பாடு போடுவாள், அவன் தூங்காத ராத்திரிகளில் நெற்றியில் கை வைப்பாள், சாகும் வரை நல்லவன் என்று நினைப்பாள்.

அதை நினைத்ததும் கம்பி திரையை விட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான்.

"மேடம்," என்றான். "அது அவர் இல்லை. நான்."



நம்பர் இடம் மாறியதைச் சொன்னான். ஈர ஒயரைச் சொன்னான். டீயைச் சொன்னான். இன்ஸ்பெக்டரைப் பார்த்துத்தான் சொன்னான். சுவர்ப் பக்கம் திரும்பத் தைரியம் இல்லை.

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது! நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா மேடம்? பாத்தீங்களா? இவன் பண்ணின தப்புக்கு என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்திட்டீங்களே! நான் அன்னிக்கு இந்த மாடிப்படியே ஏறலை. கீழ மூணாம் ரூம் வாசலோட சரி, அப்படியே..."

நிறுத்திக்கொண்டார்.

ரொம்ப லேட்.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பல்லைப் பிடுங்கிட்டு வீட்டுல படுத்திருந்தீங்க. உங்க வீட்டுக் கட்டில் மூணாம் ரூம் வாசல்லயா சார் கிடக்கு?"

அதற்கப்புறம் பத்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை அவர்.

அந்தச் சாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் குளிரூட்டும் இயந்திரம் இரண்டு நாள் படுத்துக்கொண்டதில் அந்த அறைத் தடுப்பூசி முழுக்கக் கெட்டுப்போயிருந்தது. அதை அப்படியே ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பச் சொன்னார் மேனேஜர். குழந்தைகளுக்குப் போடும் மருந்து, மாட்டேன், தலைமை அலுவலகத்துக்கு எழுதுவேன் என்றார் ஸ்டோர் கீப்பர். லாரிகள் வெளியே போய் ஆளில்லாத நேரம் பார்த்து ரகசியமாகப் பேசிப் பார்க்க வந்தார் மேனேஜர். வாக்குவாதம் முற்றியது. பெட்டியைக் காட்ட ஸ்டோர் கீப்பர் உள்ளே நுழைந்ததும் மேனேஜர் கதவைச் சாத்தி வெளிக் கொண்டியைப் போட்டார். சாயங்காலம் 'செய்தி கேட்டு' ஓடி வந்தவர்தான் முதல் ஆளாகக் கொண்டியை எடுத்தார். இரண்டு நாள் அந்த அறை சூடேறிக் கிடந்த கதையும் புது சர்வரில் வரிவரியாக இருந்தது. பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்கச் சொன்னது சும்மாவா?

விலங்கு மாட்டும்போது மேனேஜர் கம்பியைப் பார்த்தார்.

"பயமுறுத்தத்தான்டா சாத்தினேன்," என்றார் கரகரத்த குரலில். "உள்ள மணி அடிச்சான். அது கேட்டுத்தான் பயந்து ஓடினேன். மேல நீ இருக்கியே, ஓடி வந்து திறந்துடுவேன்னு நெனச்சேன்."

கொலைகாரன்கூட அவனை நம்பியிருக்கிறான்!

கம்பி அப்படியே தரையில் உட்கார்ந்தான். அழுகை வந்தது. பதினோரு மாதமாக வராத அழுகை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினபோது அங்கே யாரும் இல்லை. படியிறங்கிப் போயிருந்தாள்.

கீழே ஜீப்பில் காத்திருந்த கான்ஸ்டபிள்கள் மேலே வந்து மேனேஜரைக் கூட்டிப் போனார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் நின்றார். நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். அலட்சியத்துக்குத் தனிக் கேஸ் வரும், கோர்ட் கூப்பிடும்போது வர வேண்டும், இப்போதைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்.

"வேண்டாம் மேடம்," என்றான் கம்பி. "இன்னிக்கே என்னையும் உள்ள வெச்சுடுங்க. அந்த ஜீப்லயே ஏறிக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். வாசலில் கம்பியின் பைக். அதன் பக்கத்தில், வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபடி அவன் மனைவி.

"ஜீப்ல இடம் இல்லை," என்றார் இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டே. "முதல்ல கீழ போய் அந்தம்மாகிட்ட சரண்டர் ஆகுங்க. அந்தக் கோர்ட்டுல ஜாமீன் கிடையாது!"