ஈரச்சாக்கில் முப்பது வருடம்

செல்போன் அலறியது!

"இன்ஸ்பெக்டர் பேசறேன். ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் ஒருத்தர் செத்துக் கிடக்காரு. கையில உங்க டீ பார்சல். எங்கேயும் போயிடாதீங்க... வர்றேன்!"

டீ வியாபாரி போனை வைத்துவிட்டு வாசல் கதவைத் தாழிட்டார்.

"யாருங்க?" அடுப்படியிலிருந்து மனைவி.

"ஹெட்மாஸ்டர் செத்துட்டாருடி... நம்ம டீயைக் குடிச்சு!"

"எது... பாத்ரூம் சரக்கா?"

அதேதான்!

ப்யூஎர் என்ற சீனத் தேயிலை. வட்டமாக அழுத்தி, காகிதம் சுற்றி வருவது. வயது ஏற ஏற மதிப்பும் ஏறும். முப்பது வருடப் பழசு என்று ஆன்லைனில் போட்டு விற்றார்.

உண்மையில் இந்த வருடத்துச் சரக்கு! குளியலறை வெந்நீர் ஆவியில், ஈரச்சாக்கு போர்த்தி, மூன்றே வாரத்தில் கறுக்க வைத்தது. காகிதத்துக்கு டிகாஷன் தடவி வெயிலில் காட்டினால்... முடிந்தது வேலை!

"பூஞ்சை பூத்திருக்குன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

"துடைச்சு எடுத்துட்டேனேடி..."

"ஆமா. இப்ப ஒரு ஆளையே துடைச்சு எடுத்தாச்சு!"

ஹெட்மாஸ்டரின் கடைசி மெஸேஜ் கண்ணைக் குத்தியது. 'தம்பி, ஊரெல்லாம் போலி. உங்களைத்தான் நம்பறேன்.'

பதிலுக்கு இவர் அனுப்பியது... ஒரு கும்பிடு!

காலிங்பெல்!

கதவைத் திறந்தவர் இன்ஸ்பெக்டரின் காலில் விழுந்தார்.

"நான்தான் சார் கொன்னுட்டேன்!"

ஆவி, சாக்கு, பூஞ்சை, டிகாஷன்... ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார்.

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

உறையே பிரிக்கவில்லை!

"குடிக்கவே இல்லைய்யா. இன்னும் பத்து வருஷம் போனா ருசி கூடும்னு பரண்ல வைக்க ஏணி ஏறியிருக்காரு. கால் வழுக்கிடுச்சு."

"அப்ப... நீங்க எதுக்கு சார் வந்தீங்க?"

"சீட்டு எழுதி ஒட்டியிருக்காரு, பாரு. 'எனக்கு ஏதாவது ஆனா இதை அந்தத் தம்பிகிட்டயே சேர்த்துடுங்க. அருமை தெரிஞ்சவர்.' அவர் சம்சாரம் அழுதுக்கிட்டே கொடுத்தாங்க."

டீ வியாபாரி பொட்டலத்தை வாங்கவில்லை. கொன்றிருந்தால்கூட இப்படி அறுத்திருக்காது!

"ஜீப்புல ஏறு."

"கொலை இல்லையே சார்..."

"மோசடி இருக்கே! நான் கேக்காமலே சொல்லிட்டியே!"

மனைவி பதறினாள். "காலையிலேருந்து அவர் ஒண்ணும் சாப்பிடலைங்க..."

"கவலைப்படாதேம்மா. ஸ்டேஷன்ல டீ தருவோம். எங்களுது நிஜமாவே பழசு... நேத்து போட்டது!"