கொடிக்கயிற்றில் ஒரு கிளிப்

பதினைந்து நாளாகக் குன்னூர் வெயிலைப் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காலை, கூடத்தில் மெஹ்ரினின் பெட்டி பூட்டித் தயாராக நின்றது.

அடுப்படியில் தோசை கருகியது. மஜீதா திருப்பிப் போடவில்லை.

"கூடலூர் பஸ் எட்டரைக்கு. அவ அவங்க அம்மா ஊட்டுலயே இருக்கட்டும்!" மஜீதாவின் கணவன் நௌஷாத் கத்தினான். "எம்புள்ள மண்டையில ஏழு தையல்! மல்லாந்து நீந்தச் சொல்லிச் செவுத்துல மோத விட்டவளுக்கு டீச்சர்னு பேரு!"

மெஹ்ரின் அவன் தம்பி ஹாமித்தின் மனைவி. ஹாமித் சவூதியில். பள்ளிக்கூடத்து வெந்நீர்க் குளத்தில் அவள் பார்த்த நீச்சல் டீச்சர் வேலை, அடிபட்ட அன்றே போயிற்று.

"கொடியை நான் பார்த்திருக்கணும் மச்சான். என் தப்புதான்," என்றாள் மெஹ்ரின்.

பத்து நாளாக இதே ஒரு வரி!

தலையில் கட்டோடு ஒன்பது வயது நிதா ஓடிவந்தாள். "அத்தா, நான் சரியாத்தான் எண்ணுனேன்! கொடி தலைக்கு மேல வந்ததும் ஆறு கைவீச்சு, ஆறாவதுல கையை நீட்டுன்னு சாச்சி சொல்லுச்சு. மூணாவதுலயே செவுரு வந்துருச்சு!"

"அப்ப எண்ணிக்கையே தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கா!"

மஜீதாவுக்குத் தெரியும். எண்ணிக்கை தப்பில்லை. கொடி தப்பு!

மல்லாந்து நீந்தும் குழந்தைக்குச் சுவர் தெரியாது, கூரைதான் தெரியும். அதனால்தான் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால், குளத்துக்குக் குறுக்கே உயரத்தில், சின்னச் சின்னக் கொடிகள் தொங்கும் அந்தக் கொடிக்கயிறு. அன்று நிதாவைக் கூட்டிப்போன மஜீதாவின் கையில் நாலு நாளாகக் காயாத ஸ்வெட்டர்கள். இந்த மழையில் ஊரிலேயே சூடான இடம் அந்தக் கட்டடம். அதிலும் சூட்டுக்குழாய் ஓடும் கடைசிச் சுவர்... மெஹ்ரின் மறுமுனையில் சின்னக் குழந்தைகளைக் கரையில் உட்காரவைத்து, திரும்பி, கால் முதலில் இறங்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். மஜீதா கயிற்றின் இரு முனைகளையும் கழற்றி, சுவருக்கு இன்னும் பக்கத்தில், பாதித் தொலைவில் இருந்த கொக்கிகளில் மாட்டித் துணி காயப்போட்டாள். காய்ந்ததும் துணியை எடுத்தாள். கயிற்றை மறந்தாள்!

அப்புறம் அந்த 'ணங்'...

மெஹ்ரின் அடுப்படிக்குள் வந்து உள்ளங்கையை விரித்தாள். ரோஸ் நிறத் துணிக் கிளிப்.

"உங்களுதுக்கா. கயித்துல இருந்துச்சு. பள்ளிக்கூடத்துக்காரங்க பார்க்கறதுக்குள்ள எடுத்துட்டேன்."

"உனக்கு... அன்னிக்கே தெரியுமா?"

"கண்ணு முழிச்சதும் நிதா உங்களைத்தானே தேடுனா? அவகிட்டப் போயி, உங்கம்மாதான்னு எப்படிக்கா சொல்லுவேன்? புள்ளைங்களை இறக்கறதுக்கு முன்ன கொடியைப் பார்க்க வேண்டியது நான். அது பொய்யில்லையே..."

கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள் மஜீதா.

"ஏனுங்க, அந்தப் பெட்டியைத் தொடாதீங்க! கொடியை மாத்துனது நானுங்க... நான்! துணி காயப்போட... பெத்தவளே புள்ளையக் கொல்லப் பார்த்தான்னு சொல்லுவாங்கன்னு பயந்துட்டேனுங்க..."

நௌஷாத் மஜீதா பக்கம் திரும்பினான்.

"பத்து நாளா அவ பேச்சு வாங்கறதைப் பார்த்துட்டே சோறு போட்டியேடி!" என்றான். மெஹ்ரினை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. "நான் பேசுனதெல்லாம்... மன்னிச்சுக்கம்மா." பெட்டியைத் தானே தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

அழுத மஜீதாவை மெஹ்ரின் இழுத்து அணைத்தாள்.

"கட்டிப் பிடிக்காத புள்ள... நாலு அறை விடு!"

"அறைஞ்சா கருகுன தோசை வெளுத்துருமாக்கா?" சிரிக்கப் பார்த்தவளுக்கும் கண்ணீர்தான் வந்தது.

அன்று பத்து மணிக்கு, பள்ளிக்கூட ஆபீஸ் மேசைமேல் கிளிப்பை வைத்து மஜீதா எல்லாவற்றையும் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து மெஹ்ரினுக்கு மீண்டும் அதே குளம், அதே வேலை. சுவரிலிருந்து கொடிவரை டேப் பிடித்து அளந்து, கொக்கியை இழுத்துப் பார்த்த பிறகே குழந்தைகளை விட்டாள். நிதா கரையில் உட்கார்ந்தாள், திரும்பினாள், கால் முதலில் இறங்கினாள்.

"காது தண்ணிக்குள்ள... கண்ணு கூரையில... இடுப்பு எறங்கப்படாது!"

கொடி வந்தது. கரையில் நின்ற மஜீதாவின் உதடுகள் எண்ணின. நாலு... ஐந்து... ஆறு. சின்னக் கை சுவரைத் தொட்டது.

சூட்டுக்குழாய் பக்கத்திலேயே இருந்தது. மஜீதாவின் கையில் மழையில் நனைந்த நிதாவின் ஸ்வெட்டர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் அதை எங்கேயும் தொங்கவிடவில்லை.