கதவருகில் ஒரு டைல்

காட்சிக்கு வைத்திருந்த டைலின் மீது அவள் தன் பாட்டிலிலிருந்து தண்ணீரை ஊற்றினாள். பிறகு காலணிகளைக் கழற்றி, ஒரு வெறுங்காலை அதன்மேல் வைத்து மெல்ல அழுத்தினாள். கடைக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே ஈரமாக இருந்தது அந்த ஒரு டைல்தான்.

"மேடம்… அது செடி இல்ல. தண்ணி ஊத்துனா வளராது."

அவள் முதலில் குரலுக்குரியவனின் பாதங்களைத்தான் பார்த்தாள். அவள் பிசியோதெரபிஸ்ட், விழுந்தவர்களை மறுபடி நடக்க வைப்பவள். மனிதர்களைக் கீழிருந்து மேலாகப் பார்ப்பது அவள் பழக்கம். உறுதியான பாதங்கள், சிமெண்ட் வெளுத்த முழங்கால்கள், தோளில் ஒரு டைல் பெட்டி, கடைசியாகக் கண்கள். எதையும் மட்டம் பார்த்துவிட்டே நம்புகிற கண்கள். டைல் ஒட்டும் மேஸ்திரி என்பது சொல்லாமலே விளங்கியது.

"வழுக்குதான்னு பாக்குறேன்."

"வெறும் தண்ணில பாத்தா எப்படி? உங்க வீட்ல சோப்பு போடாமலா குளிக்கிறீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சிறு சோப்புத் துண்டை எடுத்து நீட்டினாள்.

"அடடா… ஆயுதத்தோடதான் வந்திருக்கீங்க!"

அவன் பெட்டியை இறக்கிவைத்தான். அடுத்த கால்மணி நேரம் இருவரும் டைலைத் தவிர வேறெதையும் பேசவில்லை. கடை விளக்குக்கு எந்த நிறமும் அழகுதான், வாசல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று ஒன்றைத் தூக்கிச் சென்று காட்டினான். பெட்டிகளின் மேலுள்ள தயாரிப்பு எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான்; எண் மாறினால் நிறமும் லேசாக மாறுமாம். பத்துப் பெட்டி தேவையென்றால் பதினொன்று வாங்கி, மிச்சத்தை நாளைக்கென்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். குளியலறைக்குச் சின்ன அளவுதான் நல்லதாம். இணைப்புகள் அதிகமிருந்தால் காலுக்குப் பிடிப்பு கிடைக்கும்.

சொன்னதெல்லாம் சரி. அத்துடன் நிறுத்தியிருக்கலாம்.

"இப்போ என்ன தரை போட்டிருக்கீங்க?"

அவள் எதிர்ச்சுவரில் கண்ணாடிபோல் மின்னிய ஒன்றைக் காட்டினாள்.

"இதையா? குளியலறைக்கா? இத எடுத்தவங்க அழகைத்தான் பாத்திருக்காங்க… வீட்ல இருக்கவங்கள நெனைச்சே பாக்கல."

அவள் காலணிகளைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

"எடுத்தது நான்தான். விழுந்தது எங்கப்பா. இடுப்பெலும்பு முறிஞ்சு மூணு மாசம் ஆச்சு."

அவன் ஏதோ சொல்ல வாய் திறப்பதற்குள் அவள் படியிறங்கி மழைக்குள் போய்விட்டாள். காலணிகள் கால் மாறியிருந்ததைத் தெருமுனையில்தான் உணர்ந்தாள். தண்ணீர் பாட்டில் கடையிலேயே நின்றுவிட்டது. அதற்காகத் திரும்பிப் போக அவளுக்கு மனமில்லை… வேறு கடையே இல்லையா என்ன?

வேறு இரண்டு கடைகளுக்குப் போனாள். எங்கும் தயாரிப்பு எண்ணைப் பார்த்தாள், வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிச் சென்றாள், சோப்பைக் குழைத்தாள். ஒவ்வொரு முறையும் அவன் குரல் கூடவே வந்தது. எரிச்சலாக இருந்தது. ஒன்றும் வாங்காமல் திரும்பினாள்.

ஐந்தாம் நாள் காலை அழைப்புமணி அடித்தது. அளவெடுக்க ஆள் அனுப்பும்படி முதல் நாளே கடையில் முகவரி எழுதிக் கொடுத்திருந்தாள். வேண்டாமென்று சொல்ல மறந்துவிட்டாள். மறந்தாளா என்பதை அவள் தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை. அப்பா வாக்கரை ஊன்றிப் போய்க் கதவைத் திறந்தார். அவள் உள்ளறையிலேயே நின்றாள்.

"ஐயா, மாதிரி டைல் கொண்டாந்திருக்கேன். இந்த பாட்டிலும் இந்த வீட்டோடதுதான்."

"டைலெல்லாம் வேண்டாம் தம்பி. சொரசொரன்னு ஆஸ்பத்திரி தரை மாதிரி… என்னைய நோயாளி ஆக்கப் பாக்குறா என் பொண்ணு. நான் பாத்து நடக்கல, விழுந்தேன். தப்பு என்னுது. அவ ஆசையா எடுத்த தரை, அப்படியே இருக்கட்டும்."

உள்ளறையில் அவள் கதவுப் பிடியை இறுகப் பற்றினாள். மூன்று மாதமாக அப்பா இதையேதான் சொல்கிறார். இந்தத் தரை இருக்கும்வரை, சொல்லிக்கொண்டே இன்னொரு முறையும் விழுவார்.

அவன் வாதாடவில்லை. குளியலறைக்குப் போய்த் தரையில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தான். கால் சரேலென்று நழுவியது.

"பாத்தீங்களா ஐயா? பதினோரு வருசமா தரையே கதின்னு கிடக்கிற கால் இது. இதுவே நிக்க மாட்டேங்குது."

அப்பா குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்.

"உங்க மேலயும் தப்பில்ல, உங்க பொண்ணு மேலயும் தப்பில்ல. காஞ்சு கிடக்கும்போது யார்கிட்ட காட்டினாலும் இதத்தான் எடுப்பாங்க. நனைச்சுக் காட்ட வேண்டியது எங்க வேலை. அது தெரிஞ்சும் அன்னிக்கு நான் அவங்ககிட்ட வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்…"

"இத என்கிட்ட ஏன் சொல்றே? உள்ளதான் நிக்கிறா. சத்தமா சொல்லு."

அவன் சத்தமாகச் சொன்னான். அவள் வெளியே வந்து, பாட்டிலை வாங்கிக்கொண்டு, "எப்போ ஆரம்பிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

வேலை நான்கு நாள் நடந்தது. பழைய தரை பெயர்ந்து போனது. தொட்டால் தெரியும்படி மெல்லிய வரிகள் ஓடும் சாம்பல்நிற டைல்கள் வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் அம்புக்குறி. எல்லா அம்புகளும் ஒரே திசையைப் பார்த்தால்தான் வரிகள் சேரும். அவன் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தே ஒட்டினான். அவள் டீயோடு கதவருகே வந்தாள். பிறகு டீ இல்லாமலும் வந்தாள்.

கடைசி நாள், அவன் சொல்லிக்கொடுத்தபடி, விரல் முட்டியால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்த்தாள். அடியில் காலியாக இருந்தால் ஓசை வேறுபடும். எங்கும் வேறுபடவில்லை. கதவருகில் வந்ததும் கை நின்றது.

"மேஸ்திரி… இந்த ஒண்ணுல வரி குறுக்கால ஓடுது."

அவன் குனிந்து பார்த்தான். காது மடல் வரை சிவந்தான்.

"பதினோரு வருசத்துல இப்படி ஆனதே இல்ல."

"அப்புறம் எப்படி?"

"அத ஒட்டும்போது நீங்க இங்க நின்னுட்டிருந்தீங்க."

"நின்னா?"

"நான் அம்பைப் பாக்கல… உங்களத்தான் பாத்துட்டிருந்தேன்."

அவள் எழவில்லை. தட்ட இனி டைல் எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் கை தரையிலேயே இருந்தது.

"மிச்ச டைல் இருக்கு," என்றான் அவசரமாக. "நாளைக்கு வந்து மாத்திக் குடுத்துடறேன்."

அதற்குள் அப்பா வந்துவிட்டார். வாக்கரை வெளியே நிறுத்தி, சுவரில் பதித்திருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, மூன்று மாதத்தில் முதல்முறையாக வாக்கரும் யார் கையும் இல்லாமல் நான்கடி நடந்தார். திரும்பி வந்து அந்த டைலின் மேல் நின்றார்.

"இத மாத்தாதீங்க. கண்ண மூடிட்டு வந்தாலும் கதவு இங்கதான்னு காலுக்குத் தெரியுது."

அவர் போனார். அவன் கருவிகளைப் பையில் அடுக்கினான். அடுக்கியதை ஒருமுறை கலைத்து மறுபடி அடுக்கினான்.

"அப்போ… எனக்கு இங்க வேலை ஏதும் இல்ல."

"வேலை இருந்தாத்தான் வருவீங்களா?"

அவன் நிமிர்ந்தான்.

"அந்த டைலை ஒட்டுன அன்னிக்கு," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி, "நான் கையில டீ கூட இல்லாமத்தான் வந்து நின்னேன். அத நீங்க கவனிச்சிருக்கணும்."

"நாளைக்கு வரேன்," என்றான் ஒருவழியாக. "சும்மா… வரேன்."

வாசலில் அவன் செருப்புகளைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டான். கீழிருந்து மேலாகப் பார்க்கும் அவள் அதை உடனே பார்த்தாள். சொல்லவில்லை.